தாடையைச் சொறிந்த கூட்டாளி

எனக்குப் பள்ளிக்கூடம் ரெண்டு வருஷத்தோட சரி. இன்னைக்கு ஆம்பூர்ல என் சொந்தத் தோல் பதனிடுற ஷாப்புல, படிச்சவன் கைகட்டி நின்னு கணக்கு எழுதுறான். ஆளைப் பார்த்ததும் எடை போடுற கண்ணு எனக்கு. அந்தக் கண்ணு ஏமாந்தது ஒரே தடவை. அதையும் நான் சும்மா விடலை.

வாலிபத்துல வேற ஒருத்தர் ஷாப்புல இருந்தேன். முதலாளிக்குப் பச்சைத்தோல் வாங்க அடிக்கடி அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போகணும். என் அறையில ஒரு வெள்ளாட்டுக் கிடா வளர்த்தேன். உடம்பெல்லாம் கறுப்பு, இடது விலாவுல மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. என் தட்டுலதான் தின்னும். தோல் பதனிடுற ஊர்ல ஆட்டைத் தனியா விட்டுட்டுப் போனா, திரும்பி வர்றப்போ கயிறுதான் மிச்சம். அதனால அறைக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டான்.

வந்தவனெல்லாம் ஷாப்பு ஆளுங்க. அவங்களுக்கு ஒரு வியாதி. உயிரோட நிக்கிற ஆட்டைக் கண்டாலும் கை முதுகுக்குப் போகும். ரெண்டு விரலால தோலைக் கிள்ளிக் கனம் பார்ப்பானுங்க. முதல்ல வந்தவன் பெட்டியை இறக்குறதுக்கு முன்னாடியே கிள்ளிட்டு, "நல்ல சரக்குண்ணே"ன்னான். "பெட்டியை எடு"ன்னேன். அடுத்து ஒரு தோஸ்த்து வந்தான். "முதுகுல கனம் ஜாஸ்தி, விலாவுல கம்மி"ன்னு சிரிச்சான். அவன் பாயை மழையில வீசினேன்.

கடைசியா வந்தவன் எங்க ஷாப்புலயே கத்தியால தோல்ல சவ்வு எடுக்கிறவன். முதுகைத் தொடவே இல்லை. குந்தி உக்காந்து, பீச்சாங்கையால ஆட்டுக்குத் தாடைக்கு அடியில சொறிஞ்சான். அது கண்ணை மூடிக்கினு கழுத்தை நீட்டிக் குடுத்துது.

"நீதாம்பா என் ஆளு. இங்கயே இரு."

"எனக்கு ஆடுன்னா உசிருண்ணே."

தினமும் சொறிவான். அவனைக் கண்டாலே அது கழுத்தை நீட்டப் பழகிடிச்சு.

ஒரு தடவை அணைக்கட்டுலேர்ந்து வந்தா ஆடு இல்லை. "கயித்தை அறுத்துக்கினு ஓடிட்டுதுண்ணே"ன்னு அழுதான். கயிறு அறுபடலை, முடிச்சு அவுந்திருந்தது. கயித்தைச் சுருட்டி எடுத்து வெச்சேன்.

ஆட்டை அறுத்துக் கறியை வித்தவன் தோலைத் தரகன்கிட்டத் தள்ளியிருக்கான். தரகன் அதை எங்க ஷாப்புக்கே கொண்டாந்துட்டான். ஷாப்பு மேஸ்திரி அதை விரிச்சாரு. கறுப்பு, இடது விலாவுல வெள்ளை. எல்லாரும் என் முகத்தையே பார்த்தாங்க. என் கூட்டாளியும் அங்கதான் நின்னான்.

"இது இன்னா தரம், சொல்லு"ன்னாரு மேஸ்திரி.

கிள்ளிப் பார்த்தேன். முதல் தரத்துக்கான தோலு. ஆனா உரிக்கிறப்போ கத்தி அங்கங்க இறங்கி ஓட்டை பண்ணியிருந்தது. ஒவ்வொரு வெட்டும் மத்தவங்க வெட்டுக்கு எதிர்ப்பக்கமாச் சாஞ்சிருந்தது.

"கழிவு. பீச்சாங்கை வெட்டு மேஸ்திரி. அந்தக் கை இங்கதான் சவ்வு எடுக்குது. இன்னும் எத்தினி தோலைக் கெடுக்கப் போவுதோ."

மேஸ்திரி அங்கயே அவன் கத்தியைப் பிடுங்கிட்டாரு. வேற எந்த ஷாப்பும் அவனுக்குக் கத்தி குடுக்காதபடி நான் பார்த்துக்கினேன். கடைசியில, தோலை ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழியில வேலைக்கு இறங்கினான். விரலெல்லாம் வெந்து தோலுரிஞ்சிது.

"ஒரு ஆட்டுக்காக இவ்ளோவாண்ணே?"

"ஆட்டுக்காக இல்லப்பா. நல்ல தோலைக் கெடுத்தியே, அதுக்கு."

அறையை விட்டு மட்டும் அவனை நான் அனுப்பலை. வேற எவனும் அவனைச் சேர்த்துக்கலை, எங்க போவான்? ஆட்டுக் கயித்தை அவன் தலைமாட்டு ஆணியில தொங்கவிட்டேன். நான் உக்காருன்னா உக்காருவான், எந்திரின்னா எந்திரிப்பான். அவ்ளோ அனுசரணையான கூட்டாளி அப்புறம் எனக்கு வாய்க்கலை.