கணையம் இயல்பு

எங்கள் ஸ்கேன் சென்டரில் அக்காவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். வருகிறவர்களின் வயிற்றை ஸ்கேன் செய்து அவர் சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட் டைப் அடிப்பேன். பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார். படத்தை அந்த மனிதர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

படுக்கிறவர்களுக்குப் பாடம் எடுக்காமல் அக்கா விடமாட்டார். "பயப்படாதீங்க, இது வெறும் சத்தம். நம்ம காதுக்குக் கேக்காது. உள்ள போய் முட்டித் திரும்பி வரும். வர எவ்வளவு நேரமாச்சுன்னு கணக்குப் போட்டு மெஷின் படம் வரையும்." நீர் கறுப்பாகத் தெரியும், கல் வெள்ளையாக மின்னும், அதன் பின்னால் நிழல் விழும். காற்றைத் தாண்டித்தான் எதுவும் தெரியாது. பட்ட சத்தம் கிட்டத்தட்ட முழுக்க அங்கேயே திரும்பிவிடும். "வெளிய இருக்கிற காத்தை ஜெல் தடவித் துரத்திடலாம். குடலுக்குள்ள இருக்கிற கேஸை என்ன பண்றது?" என்று சிரிப்பார்.

கணையம் குடலுக்குப் பின்னால் கிடக்கிறது. கேஸ் மறைத்தால் "தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். முதலில் அப்படித்தான் எழுதினோம். பெரிய டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "தெரியலன்னு எழுதினா நாளைக்கு எவன் வருவான்? இயல்புன்னு போடுங்க." போட்டோம். நாளடைவில் அக்கா சொல்வதற்கு முன்பே என் விரல் அடித்துவிடும். எனக்கும் வெட்கம் கெட்டுப்போயிருந்தது.

அக்கா தூக்கி வளர்த்த தம்பி ஒருநாள் வயிற்றுவலி என்று வந்தார். அக்கா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், தண்ணீர் குடிக்க வைத்தார், அழுத்திப் பார்த்தார். கணையம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் மூட்டம்தான். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்லடா, கேஸ்தான்" என்றவர், என் பக்கம் திரும்பாமலே, "வழக்கம்போல அடிச்சிடு" என்றார். அடித்தேன்.

ஏழு மாதத்தில் தம்பிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தம்பியைக் கடிந்துகொண்டார். "இத்தனை மாசம் என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

அக்காவும் நானும் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தோம்.

"ஒரு டாக்டர் அப்பவே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார் சார். நான்தான் வேணாம்னுட்டேன்" என்றார் தம்பி. "எங்க அக்காவே பார்த்துட்டாங்களே!"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.