ஜல்லிப் பாதையில் மார்லிஸ் அண்ணி

எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்திலிருந்து கடுதாசி வந்திருக்கிறது. மே மாத ஊர்வலத்தில் வரிசையைக் கலைத்ததற்காக மார்லிஸ் வருத்தம் தெரிவித்து எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஊர்வலத்தில் இடம் கிடையாதாம். அண்ணி அதைப் படித்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த சமையலறை மேஜையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நடந்ததைச் சொல்லாமல் போனால் என் மண்டை வெடித்துவிடும்.

மார்லிஸ் என் அண்ணன் வெர்னனின் மனைவி. வயது அறுபத்தேழு, எடை நூற்றிருபது பவுண்டு. விஸ்கான்சினில் இந்த ஆற்றோர ஊரில் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இடுப்பளவு பனியிலும் ஒரு நாள் பஸ் தாமதமாக வந்தது கிடையாது. முப்பத்தாறாவது வயதில் ஒரு நாள் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்வந்து இறங்கி, "இனிமே உன் முதுகையே பாத்துக்கிட்டு என்னால வர முடியாது, எனக்கு ஒண்ணு வாங்கு" என்றார். வந்தது எண்ணூறு பவுண்டு எடையுள்ள க்ரூசர், தாழ உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மோட்டார் சைக்கிள். அதை முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். அண்ணன் போன பிறகு ஊர்வலத்தை முன்னால் நின்று நடத்தியவரும் அவர்தான். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. அதனால் நான் எப்போதும் அண்ணிக்குப் பின்னால்தான்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். மே மாதம் முதல் ஞாயிறு பாதிரியார் வண்டிகளுக்குப் புனித நீர் தெளிப்பார். பிறகு நாற்பது வண்டிகள் இரண்டிரண்டாக வரிசை கட்டி, செத்துப்போன எங்கள் ஆட்கள் படுத்திருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்துக்கு என்றுதான் பேச்சு. உண்மையில் அது குன்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது. தார் ரோடு அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒன்றரை மைல் செங்குத்தான ஜல்லிப் பாதை. கார் ஏறிவிடும், க்ரூசர் ஏறாது. ஆகவே கீழேயே நின்று, பெயர்களைப் படித்து, எல்லாரும் ஒரு நிமிஷம் ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். பூமி அதிரும். மேலே இருப்பவர்களுக்குக் கேட்கும் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் மேலே போய்க் கேட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. ஊரே கீழே நின்று முறுக்கிக்கொண்டிருக்கும்.

வெர்னன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான்: "மார்லிஸ், என்னைப் பாக்க வரும்போது வண்டியில வா. கார்ல வந்து எறங்காதே, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கும்."

அவர் போன முதல் வருஷமே அண்ணி அந்தக் க்ரூசரில் மேலே ஏறிப் பார்த்தார். இரண்டாவது வளைவில் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. அதோடு சரி. மற்ற நாட்களில் காரில் போய்ப் பூ வைப்பார். திரும்பி வந்ததும் கார் கதவை ஓங்கிச் சாத்துவார். பதினோரு வருஷம் இப்படியே போனது.

போன இலையுதிர் காலத்தில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தும்போது முழங்கால் மடங்கிவிட்டது. எண்ணூறு பவுண்டும் காலின் மேல். ரொட்டி வேன்காரர் ஒருவர் ஓடிவந்து தூக்கினார். ஆபரேஷன் செய்து முழங்காலை மாற்றி வைத்த டாக்டர், "இனிமேல் வண்டி வேண்டாம்" என்றார். அண்ணியின் மகளும் போனில் அதையே பாடினாள். அண்ணி ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டார். மார்ச் மாதம் போய், நானூற்றைம்பது பவுண்டு எடையில் ஒரு ஜப்பான் வண்டி வாங்கி வந்தார். தூரப் பயணத்துக்கு ஏற்றது, உயரமான டயர், நேராக உட்காரலாம், ஜல்லியில் நிற்கும். ஒரு கையால் தள்ளிக் கொட்டகையில் விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷமோ ஆகியிருந்தது.

"மே மாசம் மேல போறேன்டி லவோன். சங்கத்தைக் கீழ கொண்டுபோய் நிறுத்திட்டு, பேர் படிக்கிறப்போ நான் அவர் பக்கத்துல நிக்கப் போறேன்."

"அதுக்கு முந்தியே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன் அண்ணி."

"இல்ல. மொத தடவை அன்னிக்குத்தான்."

க்ரூசரை விற்றார். யாருக்கு? டுவேனுக்கு. எங்கள் சங்கத் தலைவர், ஐம்பத்திரண்டு வயது, தொப்பையை வைக்க ஒரு பெட்ரோல் டேங்க் தேவைப்படுகிற ஆள். "அக்கா, உங்க வண்டியை என் கண்ணு மாதிரி பாத்துக்குவேன்" என்று வாங்கிப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடைக்குப் போனோம். கடை வாசலில் க்ரூசர்கள் பின்சக்கரம் நடைபாதையை ஒட்ட வரிசையாக நிற்கும். அண்ணி தன் பழைய இடத்தில் புது வண்டியை நிறுத்தப் போனார். அதன் மெல்லிய சத்தத்தைக் கேட்டு டுவேன் பீர் பாட்டிலோடு வெளியே வந்தார்.

"அடடே, தையல் மெஷின் வந்துருச்சு! அக்கா, என் பேண்ட்டு கிழிஞ்சிருக்கு, கொஞ்சம் தைச்சுக் குடுங்க."

"தைக்கலாம் டுவேன். உன் சைஸுக்கு ஊர்ல நூல் கெடைக்காதே" என்றார் அண்ணி.

எல்லாரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அதை மட்டும் பின்னால குப்பைத் தொட்டி பக்கம் விட்டுடுங்க. இந்த வரிசை சங்கத்து வண்டிக்கு" என்றார். அண்ணி வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! அந்த வரிசையையே ஏற்படுத்தியது யார்? என் அண்ணன். இந்த டுவேனுக்கு க்ளட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அதுவும் என் அண்ணன்.

மீனும் உருளைக்கிழங்கு அடையும் வந்தபோது டுவேன் கரண்டியால் கிளாஸைத் தட்டினார். "அக்கா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. முன்னால போற வண்டிக்கு ஒரு சத்தம் வேணும். செத்தவங்களுக்கு மரியாதை அந்தச் சத்தம்தான். உங்க புது வண்டி இருமுற மாதிரி இருக்கு. நீங்க பின்னால, பழுதுபாக்கற வேனுக்கு முன்னால வாங்க. உங்க பழைய வண்டியில நான் முன்னால போறேன். ஒரு வகையில நீங்களே போற மாதிரிதானே?"

"ஒரு வகையில உன் வாயில கொள்ளிய வைக்கணும் போலவும் இருக்கு!" என்று நான் எழுந்துவிட்டேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சரி, நான் பின்னால வர்றேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடிவாரத்துல நீங்கல்லாம் நிக்கும்போது நான் மட்டும் மேல போய்க்கறேன். இந்த வண்டி ஏறும்."

"வரிசையை விட்டு யாரும் போகக் கூடாது அக்கா. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஆளுக்கொரு பக்கம் போவாங்க."

டுவேன் சொல்வது சரி என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தேழு கை உயர்ந்தது. அதில் பாதிப் பேர் அண்ணியின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு ஏறினதுகள், கையுறையைத் தொலைத்துவிட்டு அழுததுகள்! அண்ணன் சாவுக்கு வந்து அழுதார்களே, அந்தக் கைகள்தான் தூக்கின. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அங்கேயே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

ஞாயிறு வந்தது. புனித நீர் தெளித்துக்கொண்டே பாதிரியார் எங்கள் வண்டியிடம் வருவதற்குள் வாளியில் அடித்தண்ணீர்தான் மிச்சம். டுவேன் அண்ணியின் க்ரூசரில் முன்னால் போனார். நாங்கள் நாற்பது வண்டியின் புகையைத் தின்றுகொண்டு கடைசியில் போனோம். நான் பின்னாலிருந்து டுவேனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடிவாரத்தில் எல்லாரும் நின்றார்கள். டுவேன் பெயர்ப் பட்டியலைப் பிரித்தார். கண்ணாடியைத் தேடினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்வார், எப்படியும் பத்து நிமிஷம் இழுக்கும்.

"லவோன், கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார் அண்ணி.

வரிசையின் ஓரமாக, ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போனோம். யாரும் கை நீட்டித் தடுக்கவில்லை. டுவேன் மட்டும் காகிதத்தை ஆட்டி, "அக்கா! அக்கா! விழுந்துடுவீங்க!" என்று கத்தினார். தார் முடிந்து ஜல்லி தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் லேசாக வழுக்கியது. அண்ணி முழங்கால் மாற்றிய அந்தக் காலை ஊன்றி, நிமிர்த்தி, மறுபடி ஓட்டினார். அந்த இடத்தைத் தாண்டியதும் அவர் முதுகு குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை.

குன்றைத் தாண்டி இறங்கி, அண்ணனின் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பைன் மரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தோம்.

"ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வெகுதூரத்தில், குன்றுக்கு அந்தப் பக்கத்தில், யாரோ தன் வீட்டு முன்னால் புல் வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் காற்று பலமாக வீசும்போது கேட்கவில்லை.

"அதுதான் அண்ணி. முறுக்கறாங்க."

"அதுவா? நாப்பது வண்டியுமா?"

"நாப்பதும்தான். உங்க பழைய வண்டியும் சேத்து."

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஹெல்மெட்டைப் புல்லில் ஓங்கி எறிந்தார்.

"பதினோரு வருஷம்டி! பதினோரு வருஷமா நானும் கீழ நின்னு, மணிக்கட்டு வலிக்க முறுக்கியிருக்கேன், இவருக்குக் கேக்குதுன்னு! இவர் இங்க படுத்துக்கிட்டு, எவன்டா ஞாயித்துக்கெழமையும் அதுவுமா புல்லு வெட்டறான்னு திட்டியிருப்பார்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் புல் வெட்டும் சத்தம் நின்றுபோனது. மரியாதை முடிந்தது, இனி எல்லாரும் பீர் குடிக்கப் போவார்கள்.

அண்ணி எறிந்த ஹெல்மெட்டை எடுத்து வந்து வண்டியின் கைப்பிடியில் மாட்டினார். பிறகு வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஓடவிட்டார். டுவேன் சொன்ன அந்த இருமல் சத்தம். கல்லின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், சமையலறையில் பேசுவதுபோலத்தான் பேசினார். பத்தடி தள்ளி நின்ற எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"வந்துட்டேன் வெர்னன். கார்ல வரல, வண்டியிலதான் வந்தேன். நேரமாயிடுச்சு, திட்டாதே."