ஒன்பதாம் மாதப் பழம்

கல்முனைக் கடைத்தெருவில் என் கணவரும் அவருடைய மூத்தவரான காக்காவும் நடத்திய கடையின் பலகையில் 'சுப்பர் மார்க்கெட்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலம். வாங்க வருகிறவர்கள் தாங்களே அடுக்குத் தட்டிலிருந்து எடுக்கலாம். எங்கள் ஊர் ஆட்களோ, யாராவது எடுத்துத் தரட்டும் என்று வாசலிலேயே நிற்பார்கள். அதனால் பல டின்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

அப்படி விற்காதவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அடியில் குத்தியிருக்கும் கடைசி மாதம் நெருங்க நெருங்க, டின் முன்வரிசைக்கு வரும். பிறகு விலை குறையும். அதற்கும் போகாவிட்டால் வீட்டுக்கு வரும். ஒன்றை உடைத்து நாங்கள் தின்று பார்த்து, நல்லதென்றால்தான் மிச்சத்தை அயலுக்குக் கொடுப்போம். மாதம் தாண்டியதைக் கடற்கரை மணலில் புதைப்பார்கள்.

எனக்குக் கல்யாணம் முடிந்து நான்கு மாதம்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவரோடு எனக்குக் கதைக்க வராது. அவரும் அதிகம் கதைக்கமாட்டார். உம்மா மருமகன் முன்னால் வருவதேயில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். ஏதாவது பிழையாகி, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று எங்கள் இருவருக்கும் எந்நேரமும் பயம்.

அந்த வருடம் நோன்பு ஜூலையில் வந்தது. கடையில் இடமில்லாமல் அவர் ஒரு பெட்டி பீச் பழ டின்களைக் கொண்டுவந்து கட்டிலின் கீழே தள்ளினார். பெருநாளைக்கு விற்பதற்கு. "இதில கை வைக்காதீங்க" என்று அவரும் சொல்லவில்லை, என்னவென்று நானும் கேட்கவில்லை.

முதல் நோன்பு. நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவள் ஓர் இனிப்பு வாசனையில் விழித்தேன். ஜன்னலில் மஞ்சள் வெயில். அறையே பாகுக்குள் மிதப்பது போலிருந்தது. கனவென்று நினைத்து மறுபடி கண்ணை மூடினேன். வாசனை போகவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தால், குசினியில் அடுப்பைச் சுற்றி நிறையக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் முட்டை மஞ்சட்கரு போலப் பழத் துண்டுகள்.

"என்ன உம்மா இது?"

"கட்டிலுக்குக் கீழ குப்ப கூட்டக்குள்ள கண்டன் புள்ள. அடியில ஒம்பது போட்டிரிக்கி. ஒம்பதாம் மாசம் நோன்புதானே? பழுதாகிறதுக்கு முன்ன நோன்பாளிகள்ற வயித்துக்குப் போகட்டும்."

உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. குர்ஆன் ஓதப் போன இடத்தில் இலக்கம் பழகியவர். அவருடைய வருடம் முஹர்ரத்தில் தொடங்கும்; அதில் ஒன்பதாவது நோன்பு மாதம். டின்காரனுடைய ஒன்பது செப்டெம்பர் என்று நான் சொன்னதும் அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அதற்குள் முக்கால்வாசி தெருவுக்குப் போயிருந்தது.

"றப்பே! நோன்போட நாக்குல வெச்சும் பார்க்கலயே."

நோன்பு திறக்கும் பாங்கு சொன்னது. என் கணவர் பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்தார். நான் ஒரு கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இது எங்கால வந்திச்சி?"

திரைச்சீலை அசைந்தது. "மகள், அவருக்குச் சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "எல்லாத்தையும் சொல்லாத."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில், ஒன்பது, முஹர்ரம். அவரோடு அவ்வளவு நீளமாக நான் கதைத்தது அன்றுதான்.

அவர் எழுந்து செருப்பைப் போட்டார்.

"போறாரா?" என்று உம்மா உள்ளே கிசுகிசுத்தார்.

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி, வேலிக் கடப்படியில் நின்றது. அதற்கு அப்பால் அயல் பிள்ளைகள் கோப்பைகளை வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்து, திரைச்சீலையைப் பார்த்து நின்றார்.

"மாமி, கடையில இன்னொரு பெட்டி இரிக்கி. அதில பத்து போட்டிரிக்கி. அது என்ன மாசம்?"

"பெருநாள் மாசம்" என்றது திரைச்சீலை மெல்ல. உடனே, "இஞ்ச கொண்டு வராதீங்க மருமகன். கண்டா அதையும் குடுத்திருவன்."

அவர் சிரித்துவிட்டார். உட்கார்ந்து கோப்பையை இழுத்தார்.

"நீ திண்டு பார்த்தயா?"

இல்லை என்று தலையாட்டினேன். கரண்டியால் ஒரு துண்டைப் பாதியாக்கி, என் பக்கம் தள்ளினார். மற்றப் பாதியை வாயில் போட்டு, கடைக்காரர் முகத்தோடு யோசித்தார்.

"நல்லாத்தான் இரிக்கி. அயலுக்குக் குடுக்கலாம்."

"குடுத்து முடிஞ்சி" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.