பிராண்டேயிலிருந்து பார்த்தால் நெப்ராஸ்கா

செத்த ஆக்களைத் தேடுற வேலையில ஒரு வசதி இருக்கு: அவையள் ஒருத்தரும் "இன்னும் முடியேல்லையோ" எண்டு அந்தரப்படுத்த மாட்டினம். ஒரு கரைச்சலும் இருக்கு: ஒருத்தரும் "சாப்பிட்டியோ" எண்டும் கேக்க மாட்டினம். நூறு வருசத்துப் பேப்பரைக் கொம்பியூட்டரில பாத்துப் பாத்துக் கண் எரிஞ்ச என்ர இனத்தாரே, முன்பின் தெரியாத ஒருத்தியின்ர பேரைத் தேடிக் கழுத்து நொந்தவையளே, இது உங்களுக்குத்தான். மற்றவை வாசிச்சாலும் குற்றமில்லை.

தோள்மூட்டு எடுத்துத் தந்த வேலை

இருபத்திரண்டு வருசம் முதியோர் இல்லத்தில வயசுபோனவையைத் தூக்கி, குளிப்பாட்டி, கதிரையில இருத்தினன். ஒருநாள் வலது தோள் "இனி என்னால ஏலாது" எண்டு நிண்டிட்டுது. கொம்யூன, அதாவது நகரசபை ஆக்கள் கூடிக் கதைச்சு, எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ்ஜொப் தந்தினம். பாதி நேர வேலை, பாரம் தூக்கத் தேவையில்லை. டென்மார்க்கில, பிராண்டே எண்ட சின்ன ஊர் நூலகத்துக்குக் கீழ, நிலவறையில, ஊர்ப் பழைய பத்திரங்கள் வைக்கிற ஆர்க்கீவ். முந்தி உயிரோட இருந்த கிழடுகளைத் தூக்கினன், இப்ப செத்ததுகளைத் தூக்கிறன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நூறு, நூற்றிருபது வருசத்துக்கு முந்தி இந்த யூலண்ட் பக்கத்தால சனம் கூட்டம் கூட்டமா அமெரிக்கா போனது. இப்ப பேரப்பிள்ளையள் வந்து "எங்கட ஆள் அங்க போய் என்ன ஆனார்" எண்டு கேக்குதுகள். அமெரிக்கச் சின்ன ஊர்ப் பேப்பர் எல்லாத்தையும் படமெடுத்து இணையத்தில போட்டிருக்கிறாங்கள். பேரை அடிச்சுத் தேடுறது என்ர வேலை. நாலு நாள் தனிய இருப்பன். செவ்வாய்க்கிழமை மட்டும் பென்ட் வருவார். எழுபத்தொன்பது வயசு, தபால்காரரா இருந்து இளைப்பாறினவர், சம்பளமில்லாமல் உதவி செய்யிறார். முதல்நாள் அவரிட்டைக் கேட்டன், டெனிஷ்காரர் இவ்வளவு பேர் இருக்க இந்த வேலைக்கு வேற நாட்டால வந்த தமிழ் மனுசி என்னை ஏன் பிடிச்சனீங்கள் எண்டு. அவர் கோப்பியை ஊத்திக்கொண்டு சொன்னார்: "நாங்கள் எல்லாரும் இங்கயே இருந்திட்டம். ஊரை விட்டுப் போன ஆக்களைப் பற்றி எங்களை விட உனக்குத்தானே கூடத் தெரியும்."

இங்கரின்ர ஒரேயொரு கேள்வி

மாசி மாதம், கோல்டிங்கில இருந்து ஒரு அம்மா போன் எடுத்தா. பேர் இங்கர், வயசு தொண்ணூற்றிரண்டு, முதியோர் இல்லத்தில இருக்கிறா, இவ்வளவு தூரம் வர ஏலாது. நானே காரை எடுத்துக்கொண்டு போனன். உள்ள போனதும் என்ர கை தன்பாட்டில அவவின்ர தலையணையைச் சரிப்படுத்திச்சுது. பழக்கதோசம், விடுமோ?

இங்கரின்ர தாய் மாரென். மாரெனுக்கு ஒரு அக்கா, கிர்ஸ்டீன். அவ கலியாணம் கட்டாமலே அமெரிக்காவுக்கு, நெப்ராஸ்கா பக்கம் போய், ஒரு பண்ணை வீட்டில வேலை செய்தவ. மாசம் ஒரு கடிதம் போட்டவ. பிறகு ஒரு இலையுதிர் காலத்தில தகப்பன் செத்துப்போனார். மாரென் அறிவிச்சு எழுதினா. அக்காவிட்டை இருந்து ஒரு வரி வரேல்லை. கிறிஸ்மஸ் முடியப் பொறுத்துப் பாத்திட்டு, மாரென் கோவத்தில எழுதிப்போட்டா: "அப்பாவுக்கு அழாதவ எனக்கு அக்கா இல்லை. இனி எனக்கு எழுதாதை." அதோட சரி. பேந்து மன்னிப்புக் கேட்டு எத்தினையோ கடிதம் போட்டும் பதிலே இல்லை. சாகுமட்டும் தபால்காரன்ர சைக்கிள் சத்தம் கேட்டா மாரென் எழும்பி யன்னலுக்குப் போவாவாம்.

இங்கருக்கு இருதயம் சரியில்லை, இனிக் கனநாள் இல்லை எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். என்ர கையைப் பிடிச்சா, அப்பாடி, என்ன பிடி! சொன்னா: "அவ எங்க செத்தா, எத்தினை பிள்ளை, ஒண்டும் எனக்கு வேண்டாம். அம்மா கோவத்தில எழுதின அந்தக் கடிதத்தை வாசிச்சவவோ இல்லையோ, அதைமட்டும் கோடைக்குள்ள சொல்லு."

பிரெடெரிசியாக்காரரின்ர பாட்டன்

உதுக்கிடையில பிரெடெரிசியாவில இருந்து ஒரு மனுசன். தன்ர பாட்டன் சிக்காகோவில பெரிய புள்ளியாம், பேப்பரில எல்லாம் வந்தவராம், எடுத்துத் தா எண்டு நிண்டார். ரெண்டு கிழமை தேடினன். வந்தவர்தான், இல்லையெண்டில்லை. ஒரு மருந்து விளம்பரத்தில, முழுப்பேரும் விலாசமும் போட்டு, "பன்னிரண்டு வருசமாக இருந்த என்னுடைய மலச்சிக்கல் மூன்று போத்தலில் மாறிவிட்டது" எண்டு நற்சாட்சி குடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில அப்பிடித்தான் மருந்து வித்திருக்கிறாங்கள்.

எனக்கெண்டா முகத்தைப் பாக்க வெக்கம். கடதாசியைக் கவிட்டு வைச்சு நீட்டினன். மனுசன் ரெண்டுதரம் வாசிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு சரியான ஆறுதலாச் சொன்னார்: "அப்ப இது பரம்பரையா வாறதுதான்."

கோப்பி குடிச்சதும் செய்தி

இங்கர் வைச்சிருந்த பழைய கடித உறையில அந்த நெப்ராஸ்கா ஊரின்ர பேர் இருந்தது. அந்த ஊர்ப் பேப்பரைக் கிழமை கிழமையா வாசிக்கத் தொடங்கினன். அதில என்ன செய்தி எண்டு நினைக்கிறீங்கள்? யுத்தமோ? தேர்தலோ? இன்னார் வீட்டை இன்னார் ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிக்கப் போனா. லார்சன் பெண்சாதிக்குக் கால் சுளுக்கி இப்ப சுகம். பீட்டரின்ர மாடு கன்று போட்டது. அதுக்குள்ள எங்கட கிர்ஸ்டீனும் வந்தா: "செல்வி கிர்ஸ்டீன் நீல்சன் சென்ற ஞாயிறு தோழியர் இருவருடன் பிக்னிக் சென்றார்." எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. சந்தோசமோ பொறாமையோ தெரியாது.

பொய் சொல்லுவானேன், பொறாமைதான். என்ர மனுசன் செத்து ஆறு வருசம். பிராண்டேயில எங்கட ஆக்கள் இல்லாமலில்லை, ஆனா எல்லாருக்கும் ஃபக்டரியில ஷிப்ட் வேலை, காரில போகேக்க கை காட்டுறதோட சரி. போன பனிக்கு நான் வீட்டு முற்றத்தில வழுக்கி விழுந்து மூண்டு நாள் கட்டிலில கிடந்தன், ஒரு குருவிக்கும் தெரியாது. கோபன்ஹேகனில இருக்கிற மகளுக்குப் போன் எடுத்து, அந்தக் காலத்தில சுளுக்கினாலே பேப்பரில போடுவினமடி எண்டன். நான் தமிழில கேக்க அவள் டெனிஷில பதில் சொல்லுறதுதான் எங்கட வீட்டு வழக்கம். சொன்னாள்: "அம்மா, அதுக்குத்தானே பிறகு அந்தக் கை மணிக்கூடு வாங்கித் தந்தனான், இனி நீங்கள் விழுந்தா அது எனக்கு மெசேஜ் அனுப்பும்."

மரண அறிவித்தல் வாசிக்கிற பழக்கம்

இனிச் சொல்லப்போறது என்ர பிழை. எங்கட ஆக்களுக்கு விடிய எழும்பினா முதல் வேலை என்ன? தேத்தண்ணியோட போனைத் திறந்து மரண அறிவித்தல் பாக்கிறது. பிறந்த இடம் கரவெட்டி, வதிவிடம் கோல்டிங், இன்னாரின் பாசமிகு மகள், கனடா, லண்டன், சுவிஸில் வசிக்கும் இன்னார் இன்னாரின் அன்புச் சகோதரி. நாங்கள் வயசையா பாக்கிறம்? ஆரின்ர பேர் போட்டிருக்கு, ஆரை விட்டிட்டினம் எண்டுதான் பாக்கிறது. கோவமெண்டா பேரை விட்டிடுவினம். அதைப் பாத்தே அந்தக் குடும்பத்துக்குள்ள என்ன நடந்தது எண்டு சொல்லிப்போடுவம்.

சித்திரையில நெப்ராஸ்காப் பேப்பரில ஒரு மரண அறிவித்தல் கிடைச்சுது. கிர்ஸ்டீன் நீல்சன், டென்மார்க்கில பிறந்தவ, அதே ஊர். உடன சகோதரங்களின்ர பேர் போட்ட வரியைப் பாத்தன். ஒஹாயோவில ஒரு தம்பி எண்டு போட்டிருக்கு. டென்மார்க்கில தங்கச்சி எண்டு ஒரு சொல் இல்லை. அப்ப கடிதத்தை வாசிச்சிருக்கிறா, வாசிச்சுத்தான் வெட்டி விட்டிருக்கிறா! மறைக்க மனம் கேக்கேல்லை. கேட்ட மனுசிக்கு உண்மை சொல்லவேணும் எண்டு, கெட்டித்தனம் காட்டிக்கொண்டு, இங்கருக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். பிறகு இங்கர் சொன்னா: "அம்மா பயந்தது சரிதான்."

பென்ட் வயசைப் பாத்தார்

செவ்வாய்க்கிழமை பென்ட் வந்து அந்த அறிவித்தலை மேலயிருந்து கீழ வாசிச்சார். தபால்காரர் எல்லே, விலாசம் வாசிக்கிற மாதிரி ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பார். "இவவுக்கு எழுபத்தொரு வயசு" எண்டார். "இந்தப் பேப்பர் வந்த வருசம் உன்ர ஆளுக்கு முப்பதுகூட இராது."

கோதாரி! வேற கிர்ஸ்டீன். டென்மார்க்கில அந்தப் பேரில ஊருக்குப் பத்துப் பேர் இருந்திருப்பினம். சாகக் கிடக்கிற மனுசிக்கு, ஆரோ ஒருத்தியின்ர சாவை வைச்சு, "உன்ர தாயை வெறுத்தவ" எண்டு சொல்லிப்போட்டன். என்ர வாயில அடிக்கவேணும் போல இருந்தது. உடன இல்லத்துக்குப் போன் எடுத்தன். ஒரு நர்ஸ் பிள்ளை, இங்கர் ஒரு கிழமையா வடிவாச் சாப்பிடுறேல்லை, இப்ப நித்திரை எண்டாள். முழிப்பு வந்தவுடன, நான் சொன்னது பிழை, அது வேற ஆள் எண்டு சொல்லு பிள்ளை எண்டு ரெண்டுதரம் சொல்லி வைச்சன். பின்னேரம் அந்தப் பிள்ளை திருப்பி எடுத்துச் சொன்னாள்: "இங்கர் உங்களுக்குச் சொல்லச் சொன்னவ, 'அப்ப சரியானதைத் தேடு, நான் இருக்கிறன்' எண்டு."

தபாற்கந்தோர்ப் பட்டியல்

அதுக்குப் பிறகு நான் தேடின தேடல்! பேர் அடிச்சுத் தேடுறதை விட்டிட்டன். மெசின் அழிஞ்ச எழுத்தை வாசிக்காது, கண்ணாலதான் பாக்கவேணும். அந்த ஊர்ப் பேப்பரை, மாரென் எழுதின காலத்துக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு பக்கமா, மூலை முடுக்கு விடாமல் பாத்தன். தோள் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நிலவறையில நான் தனியக் கதைக்கிறதை நூலகத்துப் பெட்டையள் மேல நிண்டு கேட்டிருப்பாளவை.

ஆனி பிறந்து முதல் செவ்வாய். முதலாவது கண்டது நாலே நாலு வரி: செல்வி கிர்ஸ்டீன் நீல்சன் வேலை தேடி அமெரிக்க மேற்குக் கடற்கரைக்குப் பயணமானார். அது ஆவணி மாதப் பேப்பர், தகப்பன் சாக முந்தி! அடுத்தது, கார்த்திகையில, மூலையில சின்ன எழுத்தில பேர்கள் அடுக்கின ஒரு பட்டியல். அதுக்குள்ளயும் "செல்வி" எண்டு போட்டு அவவின்ர பேர். மாசியில திரும்பவும். வைகாசியில திரும்பவும். எனக்கு விளங்கேல்லை. பென்ட்டைக் கூப்பிட்டன். மனுசன் குனிஞ்சு பாத்தார், நிமிந்தார், என்ர நல்ல தோளில கை வைச்சார். "இது ஆரும் வந்து எடுக்காத கடிதங்களின்ர பட்டியல். தபாற்கந்தோரில கிடக்கு, வந்து எடு எண்டு பேப்பரில போடுவினம். வராட்டி, உறையில அனுப்பினவரின்ர விலாசம் இருந்தாத் திருப்பி அனுப்பிறது, இல்லாட்டி அழிச்சுப்போடுறது."

கார்த்திகையில வந்தது தகப்பன் செத்த கடிதம். மாசியில வந்தது கோவக் கடிதம். வைகாசியில வந்தது மன்னிப்பு. ஒண்டையும் அவ எடுக்கேல்லை. எடுக்க அவ அந்த ஊரிலயே இல்லை. ஏன் மேற்கில இருந்து ஒரு வரி எழுதேல்லை எண்டு எந்தப் பேப்பரும் சொல்லேல்லை. கலியாணம் கட்டினா அந்த நாட்டுப் பேப்பரில புருசன்ர பேருக்குள்ள பெண்சாதி மறைஞ்சு போவாள், அங்கால தேடிப் பிடிக்கிறது வில்லங்கம். ஆனா இங்கர் கேட்டது ஒரு கேள்விதானே. நான் பிரதி எடுக்க எடுக்க, பென்ட் என்ர ஜக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு சொன்னார்: "போன் எடுக்காதை, நேர போ. உப்பிடியான கடிதத்தைக் கையிலதான் குடுக்கவேணும்."

கோல்டிங்கில பின்னேரம்

இங்கர் நல்லா மெலிஞ்சு போனா. கட்டிலை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை வைச்சன். முதலில மன்னிப்புக் கேட்டன். அவ கையை ஆட்டி, அதை விடு, காட்டு எண்டா. பட்டியலைப் பெரிசாக்கிப் பிரதி எடுத்திருந்தன். பூதக்கண்ணாடியால ஒவ்வொரு பேராப் பாத்துக்கொண்டு வந்து, தன்ர பெரியம்மாவின்ர பேரில விரலை வைச்சா. மூண்டு கடதாசியிலயும் வைச்சா. நான் ஒவ்வொரு மாசமாச் சொன்னன்: தகப்பன் செத்தது அவவுக்குத் தெரியாது. கோவிச்சது தெரியாது. மன்னிப்புக் கேட்டதும் தெரியாது. அவ தங்கச்சியை வெறுக்கிறதுக்கு ஒரு காரணமும் அவவிட்டைப் போய்ச் சேரேல்லை.

இங்கர் அழத் தொடங்கினா. நானும் அழுதன், ஏன் மறைப்பான். நர்ஸ் பிள்ளை கதவைத் திறந்து பாத்திட்டுத் திரும்பச் சாத்திப்போட்டுப் போனாள். அழுது முடிய இங்கருக்கு மெல்லச் சிரிப்பு வந்தது, இருமல் கலந்த சிரிப்பு. கடதாசிகளை நெஞ்சில வைச்சுக்கொண்டு சொன்னா: "பாவம் அம்மா, சாகும்வரைக்கும் ஒரு தபாற்கந்தோரோடதான் கோவமா இருந்திருக்கிறா."

நூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தி எடுக்காமல் விட்ட கடிதத்தை நாலு மாசம் மினக்கெட்டுக் கண்டுபிடிச்ச நான், அண்டைக்கு வீட்டை வந்து என்ர தபால்பெட்டியைத் திறந்தா, பன்றி இறைச்சி மலிவு எண்ட கடை விளம்பரம் ஒண்டுதான் கிடந்தது, நான் மச்சம் மாமிசம் தொடாத ஆளெண்டாலும் அதையும் ஒரு சொல் விடாமல் இருந்து வாசிச்சன்.