ரெண்டாவது கையெழுத்து

லாண்டரி அண்ணி தன் கொழுந்தனைப் பேங்க்குக்கு இழுத்துக்கொண்டு போய், கையை முறுக்கிப் பிடித்து, கட்டைவிரலை மையில் அமுக்கி, கடை மொத்தத்தையும் எழுதி வாங்கிவிட்டாள் என்று தெருவில் ஒரே பேச்சு. கிளப்பிவிட்டவர் எதிர்க்கடைத் தையல்காரர். அன்றைக்கு அதே பேங்க் வரிசையில் நின்றிருந்தாராம், கண்ணால் பார்த்தாராம், சத்தியம் வேறு பண்ணுகிறார். தையல்காரர் துணி வெட்டும்போதே அளவுக்கு மேல் கொஞ்சம் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவார். பேச்சிலும் அந்தத் தாராளம் உண்டு. பேச்சு தெருக்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் கொழுந்தன் கதறி அழுதிருந்தார், தடுக்க வந்த மேனேஜரை அண்ணி பிடித்துத் தள்ளியிருந்தாள். நடந்தது வேறு. கேளுங்கள்.

லாண்டரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் துணி வாங்கும் பலகை. பின்னால் இரண்டு வாஷிங் மெஷின். அதில் பழையது சுற்ற ஆரம்பித்தால் நின்ற இடத்தில் நிற்காது, தரையில் நகர்ந்து வாசலுக்குக் கிளம்பிவிடும். அண்ணி இடுப்பைக் கொடுத்து முட்டி நிறுத்துவாள். அந்த இடுப்பு இப்போது மெஷினை விடப் பழையதாகிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள்தான் கடையை ஓட்டுகின்றன. மற்றபடி சட்டை, பேன்ட் எல்லாம் கைச்செலவுக்கு.

அண்ணியின் புருஷனும் அவர் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை இது. அண்ணன் தம்பிக்குள் உயிரையே கொடுப்பார்கள், செக் புத்தகத்தை மட்டும் கொடுக்க மாட்டார்கள். அதனால் கரண்ட் அக்கவுண்ட்டில் எந்தச் செக்குக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அண்ணன் செத்துப் போனபின் அந்த இடத்தில் அண்ணி கையெழுத்து வந்தது. தம்பி கையெழுத்து அப்படியே நின்றது.

கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத மனிதர் தம்பி. சோப்புத் தண்ணீர் பட்டால் தோல் வெடிக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து துணியைத் தொடுவதும் இல்லை. கடையில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அந்த ரெண்டாவது கையெழுத்துதான். அதை அவர் மாப்பிள்ளை தாலி கட்டுகிற மாதிரி செய்வார். குளித்து, தலை வாரி, தன் சொந்தப் பேனாவோடு மாடியிலிருந்து இறங்குவார். பலகையைத் துடைக்கச் சொல்வார். டீ வந்த பிறகுதான் பேனா மூடி கழலும்.

"என்ன அண்ணி, டம்ளர்ல பாதிதான் இருக்கு? பால்காரன் ஓடிப்போயிட்டானா?"

"பாதி போதும் தம்பி. குடிச்சிட்டுப் போடுங்க."

முழு டம்ளர் கொடுத்தால் அவர் கை அதைச் சட்டையில் கொட்டும். அண்ணி இதைக் கவனித்து ரொம்ப நாளாகிறது. கஞ்சத்தனம் என்று பெயர் வாங்கிக்கொண்டு பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

சோப்புக்காரர் மூலமாகத்தான் வில்லங்கம் வந்தது. சோப்புப் பொடி மூட்டைக்காக அவருக்குக் கொடுத்த செக் திரும்பி வந்துவிட்டது. காசு இருந்தும் திரும்பி வந்தது. அண்ணி பேங்க்குக்குப் போனாள். கவுன்ட்டர் அம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அதில் தம்பியின் பழைய கையெழுத்து, கொடி மாதிரி வளைந்து வளைந்து, கடைசியில் ஒரு சுழியோடு. பக்கத்தில் இப்போதைய செக். ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து போட்ட மாதிரி இருந்தது.

"இது யாரும்மா போட்டது? உங்க வீட்டுச் சின்னப் பிள்ளையா?"

"அவரேதாங்க. கை கொஞ்சம் நடுங்குது."

"அப்போ அவரைக் கூட்டிட்டு வந்து கைநாட்டு வைக்கச் சொல்லுங்க. அதைப் பதிஞ்சுக்கலாம். ஆனா ஒவ்வொரு செக்குக்கும் எங்க முன்னாடி வந்துதான் வைக்கணும்."

"என் ஒருத்தி கையெழுத்து மட்டும் போதும்னு மாத்த முடியாதா?"

"இந்தக் கணக்குல முடியாது. மூடிட்டுப் புதுசாத்தான் தொடங்கணும்."

வீட்டுக்கு வந்து பட்டும் படாமலும் கைநாட்டுப் பேச்சை எடுத்தாள். தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்கப்பா கைநாட்டு. ஆபீஸ் ஆபீஸா அதுக்குச் சிரிச்சாங்க. அந்த வயித்தெரிச்சல்லதான் என்னைப் பள்ளிக்கூடத்துல போட்டாரு. நான் போய் மறுபடியும் விரலை நீட்டவா? பேங்க்ல கண்ணு தெரியாதவனை உட்கார வச்சிருக்கான். அவனைக் கண்ணாடி மாத்தச் சொல்லுங்க அண்ணி!"

"சரி, சொல்றேன்," என்றாள். வேறு என்ன சொல்வாள்?

இந்த நேரம் பார்த்துத்தான் டை கட்டின ஆள் வந்தார். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்த பேங்க். வெயிலில் அலைந்து டை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கமாக இருந்தார். கையில் பளபளவென்று காகிதம்.

"மேடம், உங்க கரண்ட் அக்கவுண்ட்டை எங்ககிட்ட மாத்திக்கோங்க. எல்லாம் போன்லயே முடியும். முதல் வருஷம் எந்தச் சார்ஜும் கிடையாது."

"ரெண்டாவது வருஷம்?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது... கொஞ்சம் இருக்கும் மேடம்."

"என் ஒரு கையெழுத்து போதுமா?"

"கையெழுத்தே வேண்டாம் மேடம், விரலால ஒரு தட்டு தட்டினா போதும்!"

அண்ணி ஈர விரிப்பைப் பிழிந்தபடி யோசித்தாள். மாறிவிட்டால் சோப்பு வரும், மெஷினுக்கு பெல்ட் வரும், கையெழுத்துக்காக மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை போகும். ஆனால் காலையில் குளித்துத் தலைவாரி இறங்கி வருகிற மனிதர் எதற்காக இறங்கி வருவார்? அப்புறம் அவர் குளிப்பாரா என்பதே சந்தேகம்.

"வேண்டாம் சார். பழகின பேங்க்கே இருக்கட்டும்," என்றாள். டை கட்டினவர் தன் கார்டைப் பலகையில் வைத்துவிட்டு, அடுத்த கடைக்கு நடந்தார்.

சோப்புக்காரர் ரொக்கம் இல்லாமல் மூட்டை இறக்க மாட்டேன் என்றுவிட்டார். கல்லாவில் இருந்தது சில்லறை. அண்ணி பொடியைக் குறைத்துப் போட்டுத் துவைத்தாள். விரிப்புகளை இரண்டு தடவை அலசினாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, விரிப்பில் வாடை அடிக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு லாண்டரியைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி தலையாட்டினாள். அன்றைக்குச் சோறு தட்டில் ஆறிப்போன பிறகுதான் கை வைத்தாள்.

மறுநாள் அவள் பின்கட்டில் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சோப்புக்காரர் பாக்கி கேட்டுக் கடைக்கு வந்தார். பலகை முன்னால் பேப்பர் படித்துக்கொண்டு தம்பி.

"என்னய்யா, மூட்டை எங்கே?" என்று அதட்டினார் தம்பி.

"நல்லா இருக்கு சார் நியாயம்! உங்க கையெழுத்துதான் செல்லலைன்னு திரும்பி வருது. அக்கா பாவம், உங்ககிட்ட சொல்லாம என்கிட்ட கெஞ்சிட்டு இருக்காங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வேற கையை விரிக்கப் போறாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

மெஷின் நின்றதும் அண்ணி முன்னால் வந்தாள். சோப்புக்காரர் போய்விட்டிருந்தார். தம்பி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் தன் பேரை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக. எதுவும் எதற்கும் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை.

"இவ்வளவு மோசமாவா அண்ணி இருக்கு?"

அவள் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

அடுத்த நாள் காலையில் குளித்து, தலை வாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இறங்கினார். பேனா மட்டும் பையில் இல்லை.

"அந்த டைக்காரன் கார்டு எங்க?"

"எதுக்கு தம்பி?"

"புதுக் கணக்கு தொடங்கணும்ல? உங்க பேர்ல மட்டும். முதல்ல பழசை மூடுவோம், வாங்க."

"இப்ப என்ன அவசரம்? எனக்கு அலுப்பா இருக்கு. விரிப்பு வேற ஊறுது."

"ஊறட்டும். எனக்கு நாளைக்கு மனசு மாறிடும்."

பழைய பேங்க்கில் வரிசை நீளம். கணக்கை மூடவும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் கவுன்ட்டர் அம்மா. போட்டால் ஒத்துப்போகாது என்பதையும் அவளே சொன்னாள். பேச்சை வளர்க்காமல் மைப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் யாரோ "சீக்கிரம்" என்றார்கள். விரலை மையில் வைத்தார். காகிதத்துக்குக் கொண்டு போனால் கை துள்ளியது. முதல் தாளில் தேய்த்துவிட்டது. கவுன்ட்டர் அம்மா வேறு தாள் கொடுத்தாள். அதுவும் போயிற்று.

அவர் திரும்பி, அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். அண்ணி அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விரலைத் தாளில் வைத்து அழுத்தினாள். வரிசையில் பின்னால் நின்ற தையல்காரர் கழுத்தை நீட்டியது அப்போதுதான்.

புதுப் பேங்க்கில் கணக்கு திறந்தாயிற்று. சோப்புக்காரர் போனிலேயே பணம் வாங்கிக்கொண்டு, மூட்டையோடு வந்து சேர்ந்தார். மூட்டையை இறக்கியவர் போகாமல் அப்படியே நின்றார். தம்பி பலகைப் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளில் அடையாளச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவராக எடுத்துக்கொண்ட வேலை.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? சாரோட கையை முறுக்கிக் கடையை எழுதி வாங்கிட்டீங்கன்னு தெருவே பேசுது. நான் நம்பல. சும்மா காதுல போட்டு வைக்கலாம்னு..."

அண்ணி தம்பியைப் பார்த்தாள். அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லுங்க அண்ணி, எனக்கென்ன," என்றார்.

அவள் வாசலுக்குக் கிளம்பின மெஷினை இடுப்பால் முட்டிக்கொண்டே சொன்னாள்.

"கையைப் பிடிச்சேன்யா, ஆமா. நடுங்குது, பிடிங்கன்னு அவர்தான் சொன்னாரு, பிடிச்சேன். எழுதி வாங்க இங்க என்ன கிடக்கு? இருக்கிறதெல்லாம் அடுத்தவங்க துணி."