ரிஜெக்ட் ஆரோக்கியராஜும் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டும்

ஆரோக்கியராஜுக்குக் கம்பெனியில் வைத்த பட்டப்பெயர் ‘ரிஜெக்ட் அண்ணன்’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, நேரே ‘சார்’தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, துணி மடிக்கும் கைமடியாகச் சேர்ந்து, செக்கிங் டேபிளில் கால் கடுக்க நின்று, இப்போது ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் க்யூ.சி. இன்சார்ஜ். தைத்து வந்த சட்டையில் குறை கண்டுபிடிப்பது வேலை. அவர் கை பட்டால் ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு எல்லாம் தாமாகவே எழுந்துவந்து வணக்கம் சொல்லும். வீட்டிலும் தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார் என்று மனைவி நதியா சொல்வது மிகை. ஒரே ஒரு முறைதான் பார்த்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

காரணம் நதியா. சட்டைக்கு வெட்டும் அளவை வரைகிற பேட்டர்ன் மாஸ்டருக்கு உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே, துணியே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் சட்டை தைத்து, ஒரு பொம்மைப் பெண்ணுக்கு மாட்டி நடக்கவிடும் வேலையைக் கற்றுக்கொண்டார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஆர்டர் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில், “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சாம்பிளை நடக்கவிட்டு அனுப்புங்க. சரியா வந்தா வீட்ல இருந்தே வேலை” என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்ததோ ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர். அதில் பொம்மை எழுந்து நிற்கவே மறுத்தது. படத்தை ஓடவைக்க ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ஆனால் நல்ல புதுக் கார்டு எதையும் அந்தப் பெட்டி தாங்காது. பழசுக்குப் பழசுதான் பொருத்தம் என்று முடிவானது.

பல்லடம் ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சதீஷ்குமார் இரண்டு கார்டுகளை எடுத்துப் போட்டார்.

“பாருங்ணா, இது ஜி.டி. 730. நாலு ஜி.பி.ங்க. அது ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. ரெண்டே ஜி.பி.தானுங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

பனியன் ஊர்க் காதில் ஜி.பி. என்றாலும் துணியின் எடைக்கணக்கான ஜி.எஸ்.எம். என்றுதான் விழும். எண் கூடினால் துணி கெட்டி. ஆரோக்கியராஜ் நாலை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் பொம்மை ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தது. கார்டு கடைக்குத் திரும்பியது.

அதற்கப்புறம்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. ஜி.பி. வெறும் குடோன். குடோன் எத்தனை பெரிதாக இருந்தாலும் வாசல் சின்னதென்றால் சரக்கு எப்படி வெளியே வரும்? அந்த 730-க்கு 64 பிட் வாசல். சரக்கு தூக்குகிற ஆளும் டி.டி.ஆர். 3 என்ற பழைய ஆள். விநாடிக்குப் பதினாலு ஜி.பி. சொச்சம்தான் வெளியேறும். 750 டி.ஐ.க்குக் குடோன் பாதிதான். ஆனால் வாசல் 128 பிட், ஆள் ஜி.டி.டி.ஆர். 5. விநாடிக்கு எண்பத்தாறு. உள்ளே தைக்கிற கைகளும், அதாவது கோர்களும், இதில் 640, அதில் 384. இந்தக் கணக்கைக் கண்டுகொண்ட சந்தோஷத்தில் அவர் உடனே 750-ஐ வாங்கியிருப்பார் என்று நினைப்பவர்களுக்கு க்யூ.சி. இன்சார்ஜ்களைத் தெரியாது. அவர் மற்ற கார்டுகளையும் கேட்டார்.

ஜி.டி.எக்ஸ். 960 வந்தது. தைக்கிற கைகள் 1024. ஆனால் தனிக் கரண்ட் வயர் கேட்டது. வீட்டுப் பெட்டியில் அது கிடையாது. ரிஜெக்ட். 1050 டி.ஐ. வந்தது. நாலு ஜி.பி., 128 பிட், 768 கைகள், தனி வயரும் வேண்டாம். குறையே இல்லை. அதுதான் குறை.

“ஸ்குரூவ யாரோ கழட்டி மாட்டியிருக்காவ. ஸ்டிக்கர் கோணலா இருக்கு.”

“கம்ப்யூட்டர்ல போட்டா பேரே காட்டுதுங்ணா!”

“பேர உள்ளயும் மாத்தி எழுதலாம்லா? லேபிள் தைக்கிற ஊர்ல உக்காந்துகிட்டு எங்கிட்டயே லேபிளக் காட்டுதீரே!”

மறுநாள் அதை வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நன்றாக ஓடுகிறதாம். நன்றாக ஓடுகிற போலிகளும் உண்டு என்று ஆரோக்கியராஜ் ஆறுதல் அடைந்தார்.

வியாழக்கிழமை ஆகிவிட்டது. கடையில் வீட்டுப் பெட்டிக்கு ஆகிற மாதிரி மிச்சம் 750 டி.ஐ. மட்டும். அதையும் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் கேட்டிருக்கிறாராம். வேலை முடிந்து நதியாவே நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

“என்ன சொல்லுதிய?”

“ஃபேன்ல கிர்ருனு ஒரு சத்தம். ஒரு எறக்க ஓரம் ஒடஞ்சிருக்கு. ரெண்டு ஜி.பி.தான்.”

“இங்க போட்டுப் பாத்தியளா? பொம்ம நடக்கா?”

“நடக்கு. கை வீசும்போது மட்டும் லேசா தடுக்கு.”

சதீஷ்குமார் இடையில் புகுந்தார். “அக்கா, அண்ணன் ஒரு வாரமா இந்தக் கார்டப் பொண்ணு பாக்குறாருங்க. ஜாதகம் ஒண்ணுதான் இன்னும் கேக்கலீங்க.”

“என்னயே ரெண்டு தடவ வந்து பாத்துட்டுத்தான் தம்பி சரின்னாவ. மூணாந்தடவ வந்திருந்தா எங்கப்பா நாய அவுத்து விட்டுருப்பாரு.” நதியா கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, ஒரு சட்டையில ஓட்ட இருந்தா மொத்த லாட்டையும் தள்ளிருவியளா?”

“அதெப்படி? ஏ.க்யூ.எல். இருக்குல்லா.”

லாட்டிலிருந்து சில சட்டைகளை உருவிப் பார்ப்பார்கள். குறைகளை மேஜர், மைனர் என்று பிரித்து, இத்தனை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதற்குள் இருந்தால் லாட் பாஸ். அதுதான் ஏ.க்யூ.எல். தினமும் அதைச் சொல்லித்தான் அவர் கண்டெய்னர் கண்டெய்னராகக் கப்பல் ஏற்றுகிறார்.

“வெளிநாட்டுக்காரனுக்கு ஏ.க்யூ.எல். எனக்கு மட்டும் கெடையாதோ? நாளைக்கு அனுப்பலன்னா இந்த வேல போச்சி.”

ஆரோக்கியராஜ் கார்டைக் கையில் எடுத்தார்.

“சத்தம் மைனர்” என்றார். “எறக்கயும் மைனர்தான். ரெண்டு ஜி.பி...” தொண்டையைச் செருமினார். “அது மேஜர்.”

“நடக்கப் போறது ஒத்தச் சட்ட. கல்யாணக் கூட்டமா?”

“ஒரு மேஜர் வரைக்கும் விடலாம்.”

“அப்ப?”

“பாஸ்” என்றார் ஆரோக்கியராஜ், யாரோ பல்லைப் பிடுங்கியதுபோல. அவர் மனம் மாறுவதற்குள் சதீஷ்குமார் கார்டைப் பையில் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் பொம்மை நடந்தது. கை வீசும்போது தடுக்கியது, ஆனாலும் நடந்தது. நதியா அதைப் படம் பிடித்து அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது: கழுத்து ரிப் பட்டி கொஞ்சம் லூஸாகத் தெரிகிறது, சரிசெய்து திங்கட்கிழமை அனுப்பவும், கூடவே இன்னும் இரண்டு ஸ்டைல். நல்லாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. திருப்பூரில் வேலை கொடுப்பதே அப்படித்தான்.

கம்ப்யூட்டர் இருந்த மேஜையின் மறுபாதி ஆரோக்கியராஜ் இஸ்திரி போடும் இடம்.

“இந்தப் பக்கமும் இனிமே எனக்கு வேணும்” என்றார் நதியா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஆரோக்கியராஜ் இஸ்திரிப் பெட்டியையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று பார்த்தபடி அடுக்களைப் பக்கம் போனார்.