பார்க்காமல் எழுதிய எண்

பாத்திமுத்து நர்ஸ் கெட்டுப்போன மருந்தைத் தெரிந்தே பிள்ளைகளுக்குப் போட்டார் என்று, அவர் இறந்த வீட்டிலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அது பொய். அந்த மருந்துக்கு நேர்ந்ததை முழுவதும் அறிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவரை ராஜபாளையத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். இன்னொருத்தி நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

செய்தியை அவருடைய தம்பி நேரில் வந்து சொன்னார். வாசல் படியிலேயே நின்றுகொண்டு, “டாக்டரம்மா, அக்கா மவுத்தாயிட்டாக. காலைல எழுப்பப் போனா எந்திரிக்கல” என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். துக்கம் சொல்ல வந்தவரிடம் கேட்கும் கேள்வியா அது? கன்னியாஸ்திரீகளிடம் படித்த நாளிலிருந்து எதற்கும் நேரமும் நாளும் சரியாக இருக்க வேண்டும் என்று வளர்ந்தவள். அவர் ஒன்றும் நினைக்காமல், “ஆறேகால் இருக்கும்மா” என்றார்.

அன்று பகலில் அந்த வீட்டில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பின்னால் ஒரு குரல், “நல்ல மனுசிதான். ஆனா கான்சாபுரத்துல கெட்ட மருந்தப் போட்டு ஒரு பிள்ள போச்சுல்ல?” என்றது. “தெரிஞ்சே போட்டாகளாம்” என்றது இன்னொன்று. திரும்பிப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாய் மூடியிருந்தது எனக்கு அது மூன்றாம் முறை.

என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தியம் பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் காலமானபோது கிளினிக்கை மூடினேன். அதிலிருந்த பிரிட்ஜை மட்டும் மடவார் வளாகத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தோளில் பையும் கையில் ஐஸ் பெட்டியுமாகப் பாத்திமுத்து முதன்முதலாக வந்து நின்றார். அவர் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துப் பிரிட்ஜ் பழுது. சரிசெய்ய ஆள் எப்போது வருவார் என்று தெரியாது. தடுப்பூசி மருந்தை வைத்துக்கொள்ள மேலிடத்தில் அனுமதி வாங்கி வந்திருந்தார்.

“நான் டாக்டர் இல்லை, டாக்டரின் மனைவி” என்று அவரைத் திருத்தினேன்.

“இருக்கட்டும் டாக்டரம்மா. டாக்டரு போயிட்டாக, பிரிட்ஜு இருக்குல்ல?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். மருந்துக் குப்பிகளை அவர் பிள்ளைகள் என்றே சொல்வார். “தயிரு கீழ, பிள்ளைக மேல. மாத்தி வச்சிராதீக” என்பார். உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். காலையும் மாலையும் அதைப் பார்த்து நோட்டில் எண்ணை எழுதுவது என் வேலை. புதன்கிழமை ஊசி நாள். விடியற்காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டியில் ஐஸையும் மருந்தையும் அடுக்கிக்கொண்டு வத்திராயிருப்புப் பஸ்ஸைப் பிடிப்பார். கான்சாபுரம் பக்கத்தில் அவர் நடந்து போகாத தெரு இல்லை.

ஒருமுறை எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருந்தேன். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, “ஊசி போட்டா ஒண்ணும் ஆகாதாம்மா?” என்று கேட்டாள். தலைவி என்ற முறையில் நான் முந்திக்கொண்டு, “ஒன்றுமே ஆகாது” என்றேன்.

“ஆகும்” என்றார் பாத்திமுத்து.

அந்தக் கைப்பிள்ளைக்காரியைப் பார்த்தே மேலும் சொன்னார்: “எட்டாம் நாள் வாக்குல காச்சல் அடிக்கலாம். மேல லேசாச் சிவக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் வராது. அபூர்வமா அதுக்கு மேலயும் ஆகலாம்; அப்ப தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், நானும் கூட ஓடி வருவேன். ஆனா மணல்வாரி வந்தா அப்படி இல்ல தாயி. நெஞ்சுல எறங்கும், கண்ணுல எறங்கும். ஒரு வீட்டுல வந்தா தெருப்பூரா வந்துட்டுத்தான் போகும். ரெண்டையும் சொல்லிட்டேன். யோசிங்க.”

“யோசிக்கத் தெரிஞ்சா நாங்க ஏன் இங்க வந்து உக்காருதோம்?” என்று ஒருத்தி சிரித்தாள்.

“ஏட்டி, சேல எடுக்கப் போனா கரை பாக்க எம்புட்டு நேரம் யோசிக்க? பிள்ளைக்குச் செத்த நேரம் யோசி.”

எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும், சபையில் என்னை மறுத்துப் பேசியது சரியில்லை என்றேன். “ஆபத்தே இல்லன்னு சொல்லிட்டா, ஒரு நாள் காச்சலுக்கே நம்மள நம்ப மாட்டாக டாக்டரம்மா” என்றார். மணல்வாரி என்கிற தட்டம்மைக்கு ஊசி போட்ட எல்லா வீட்டுக்கும் எட்டாம் நாள் அவர் திரும்பிப் போவார். காய்ச்சல் இருந்தாலும் போவார், இல்லாவிட்டாலும் போவார். அந்த வழக்கம் அவருக்கு யாரும் இட்ட உத்தரவு இல்லை.

இனி அந்த ஆடிப்பூரம். அந்த வருஷம் தேர் செவ்வாய்க்கிழமையில் வந்தது. அன்று பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று பாத்திமுத்து திங்கட்கிழமையே மருந்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். வீடு நிறைய உறவினர். தேர் பார்க்கப் புறப்படும் அவசரத்தில், மாலை வேளைக்கான எண்ணை நோட்டில் எழுதினேன். ஐந்து டிகிரி. எப்போதும் ஐந்துதான் இருக்கும். பிரிட்ஜைத் திறக்காமலே எழுதினேன். மணிமணியான எழுத்து.

புதன்கிழமை காலை பாத்திமுத்து வந்தார். நோட்டைப் பார்த்தார். “உங்க எழுத்தப் பாத்தா தெர்மாமீட்டரப் பாத்த மாதிரி” என்று சொல்லிவிட்டு மருந்தை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஊருக்குக் கிளம்பும்போது என் நாத்தனார் மகள் சொன்னாள்: “அத்தே, நேத்துப் பூரா உங்க பிரிட்ஜ் ஓடல. டேபிள் ஃபேனுக்காகக் காலைல பிளக்கப் பிடுங்கினோம், பொறவு மறந்தே போச்சு. ராத்திரி பாலு திரிஞ்சு கெடந்தப்பதான் பாத்துச் சொருகினோம்.” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குத் திரிந்தது பால் மட்டும்தான்.

சாயங்காலம் ஐஸ் பெட்டியைத் திருப்பி வைக்க வந்தபோது பாத்திமுத்து உற்சாகமாக இருந்தார். கான்சாபுரத்தில் ஒரே தெருவில் பதினொரு பிள்ளைகள். பல மாதம் கதவு திறக்காத வீடுகள்கூடத் திறந்தன என்றார். நான் காப்பி கொடுத்தேன். சொல்லவில்லை. இது முதல் முறை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அந்த ஐந்தை அழிக்க ரப்பரைக்கூட எடுத்தேன். சனிக்கிழமை அவர் வந்தபோதுதான் சொன்னேன்.

அவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். “எத்தன மணி நேரம்?” என்று மட்டும் கேட்டார்.

“பன்னிரண்டு இருக்கும். கூடவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா?”

“சூடு பட்ட மருந்து பிள்ளைய ஒண்ணும் செய்யாது. காப்பாத்தாம விட்டுரும், அதான். நாத்தம் அடிக்காது, நெறம் மாறாது. கெட்டுச்சா கெடலயான்னு பாத்துச் சொல்லவும் முடியாது.”

அவர் போய்ச் சொன்னபோது அவருடைய மேலதிகாரி, பெரும்பாலும் கெட்டிருக்காது, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னாராம். அதை என்னிடம் வந்து சொன்னபோது, மின்வெட்டு என்று ஊரில் சொல்லிவிடு என்றேன் நான். அன்று அவர் சொன்ன பதில் என்னை இன்றுவரை விடவில்லை.

“மருந்து மேல சந்தேகம் வந்துச்சுன்னா தெருவே கதவச் சாத்திரும். ஆளு மேல வந்தா அந்த ஆளுக்கு மட்டும்தான் சாத்துவாக. தெர்மாமீட்டரப் பாக்காம எடுத்துட்டுப் போனது நான். என் தப்புன்னே சொல்லிக்கிடுதேன்.”

“என் பெயரைச் சொல்.”

“நீங்க சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

பதினொரு வீட்டுக்கும் போனார். மருந்து சரியாகக் குளிரில் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம், ஒரு மாதம் கழித்து மறுபடி போட வேண்டும், தப்பு என்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். ஒரு வீட்டில் விளக்குமாற்றைக் காட்டினார்களாம். “கைப்பிடிப் பக்கம் காட்டினாக, அம்புட்டுக் கோவம் இல்ல” என்று என்னிடம் சிரித்தார். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாம் ஊசி போட்டார். பதினோராவது வீடு பேச்சியம்மாளுடையது. அவள் மகள் பவுனுக்கு அப்போது பத்து மாதம். முதல் ஊசிக்கு எட்டாம் நாள் பவுனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கொதித்தது. “ஒரு ஊசிக்கே பிள்ள துவண்டு போச்சு. நீங்களே தப்புங்கிய, பொறவும் குத்தணுங்கிய. வேண்டாம் நர்ஸம்மா” என்றாள் பேச்சியம்மாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சலை அவள் கண்ணால் பார்த்தாள். மணல்வாரியை அதுவரை பார்க்கவில்லை. அவள் தராசில் ஒரு தட்டில்தான் எடை இருந்தது. மறு தட்டில் வைக்கப் பாத்திமுத்துவிடம் வாய்ச்சொல் மட்டும் இருந்தது. அந்தச் சொல்லின் மதிப்பை நான் முன்பே குறைத்துவிட்டிருந்தேன்.

மாசியில் அந்தத் தெருவுக்கு மணல்வாரி வந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவனுக்கு லேசாகக் கண்டு இறங்கிவிட்டது. பவுனுக்கு உடம்பு முழுக்க. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அம்மை இறங்கிய வீட்டுக்குள் ஊசியும் வரக்கூடாது, வெளியாளும் வரக்கூடாது. பாத்திமுத்து தெருவில் நின்றே தினமும் குரல் கொடுத்தார்: “தாயி, தண்ணி குடுக்கியா? கஞ்சி குடிக்காளா? மூச்சு எப்படி வாங்குது?” மூன்றாம் நாள் பதில் வரவில்லை. பையைத் தெருவில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கால் கழுவி, “ஊசி கொண்டாரல. ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் வாரேன்” என்று உள்ளே போனார். பிள்ளைக்கு நெஞ்சில் இறங்கியிருந்தது. அவரே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்து பவுன் இறந்துபோனாள்.

அதற்கு மறுநாள் நானும் அவரோடு கான்சாபுரம் போனேன். போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளே நான்தான். பேச்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். “டாக்டர் வீட்டம்மா, கூட வந்தாக” என்று பாத்திமுத்து என்னைக் காட்டினார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

“நர்ஸம்மா, மொதப் போட்ட ஊசி நல்ல ஊசியா, கெட்ட ஊசியா? அத மட்டும் சொல்லுங்க.”

“தெரியல தாயி. நல்லாவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல.”

“எப்படித் தெரியாமப் போகும்?”

பாத்திமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்குப் பதில் அங்கேதான் நின்றிருந்தது, வெளுத்த பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, கையில் குடையோடு. நான் வாய் திறக்கவில்லை. இது இரண்டாம் முறை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் பழையபடி மருந்தோடு என் வீட்டுக்கு வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஒரு மாற்றம் மட்டும். நோட்டை அவர் தொடவில்லை. பிரிட்ஜைத் திறந்து, தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை வைத்தார். அதன் பிறகு எந்தப் புதன்கிழமையும் என் எழுத்தை நம்பி அவர் ஒரு குப்பியையும் எடுக்கவில்லை. அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சில வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன். “உங்க மேல கோவம் இருந்தா வேற பிரிட்ஜு தேடியிருப்பேன்ல?” என்றார்.

அவருடைய சம்பளமோ பதவியோ என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: வேலை போகவில்லை. பெயர்தான் போயிற்று. கான்சாபுரத்தில் அந்தத் தெரு மற்ற நர்ஸ்களுக்குத் திறந்தது, அவருக்குத் திறக்கவில்லை. அவர் கணக்குப்படியே நடந்தது. ஓய்வு பெறும்வரை அந்தத் தெரு முனையில் நின்று, புதிய நர்ஸை மட்டும் உள்ளே அனுப்புவாராம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை: அந்தத் தெர்மாமீட்டர், அழிக்காமல் விட்ட அந்த ஐந்து உள்ள நோட்டு, எதையும் எழுதுமுன் கண்ணால் பார்க்கும் பழக்கம், அது எனக்கு மிகவும் தாமதமாக வந்தது. இந்தக் கட்டுரையைக்கூட அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதி முடித்தால் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

பேச்சியம்மாள் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. இதைப் படிப்பவர்கள் யாருக்காவது அவளைத் தெரிந்தால், இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, அன்று நீ கேட்ட கேள்வியின் பதில் எனக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் அது ஏன் தெரியாமல் போயிற்று என்று தெரியும். என்னால்தான். நர்ஸம்மாவால் அல்ல. இதைக் கேட்ட பிறகு நீ என்ன சொல்கிறாய் என்பதை, திட்டாக இருந்தாலும், நீ சொன்னபடியே யாரையாவது எழுதச் சொல்லி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பு. வாய்வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.